முதலூரின் முதற்குடிகள்

ஓர் ஊரின் ஆலயம் தன் ஆண்டுவிழாவைக் கொண்டாடும்பொழுது அதன் வயதை எந்த நாளிலிருந்து கணக்கிடுவது? பெரும்பாலும் இக்கேள்விக்கு ஆலயத்தின் சுவரே விடை கூறிவிடும். அடிக்கல் நாட்டியவர் இன்னார், திருநிலைப்படுத்திய பேராயர் இன்னார், ஆண்டு இன்னது என்று கல்லில் பொறித்திருப்பார்கள். அந்தக் கல்வெட்டைப் படித்துவிட்டு நாமும் மனநிறைவோடு திரும்பிவிடுவோம். ஆனால், கல் நாட்டப்படுவதற்கு முன்பே அங்கே ஒரு சபை இருந்திருக்க வேண்டும். அச்சபைக்கு முன்பே, கூடி வாழ்வது என்று துணிந்த சில குடும்பங்கள் இருந்திருக்க வேண்டும். அந்தக் குடும்பங்களிலிருந்து எண்ணத் தொடங்கினால் வரலாறு வேறு முகம் காட்டும். இதற்குச் சான்றாகத் தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளத்தை அடுத்துள்ள முதலூரை நான் எடுத்துக்கொள்கிறேன்.

தென்பாண்டி நாட்டில் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களுக்கென்றே ஏற்பட்ட முதற் குடியிருப்பு இதுவாகும். அதனாலேயே முதலூர் என்று பெயர் பெற்றது. தோன்றிய ஆண்டு 1799. இக்கணக்கின்படி 2024ஆம் ஆண்டில் ஊருக்கு 225 ஆண்டுகள் நிறைந்தன. பெரும்பாலான ஊர்களுக்கு வயது சொல்ல இயலாது. முதலூருக்கோ பிறந்த ஆண்டு தெரியும். பிறந்ததற்குரிய காரணமும் தெரியும். முதன்முதல் குடியேறியவர்கள் 28 பேர் என்று மிஷன் வரலாறு எண்ணிக்கை கூடச் சொல்கிறது. அந்த 28 பேரும் யார் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

இவ்வரலாறு முதலூரில் தொடங்கவில்லை. பாளையங்கோட்டைக் கோட்டைக்குள்ளே தொடங்குகிறது. தஞ்சையில் தங்கித் தொண்டு புரிந்த ஜெர்மானியப் போதகர் சுவார்ட்ஸ் ஐயர் 1778ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைக்கு வந்தபொழுது, மராத்திய அந்தணர் குலத்தில் பிறந்த கைம்பெண் ஒருவருக்கு ஞானஸ்நானம் அளித்தார். கிளாரிந்தா என்பது அவர் அன்று பெற்ற பெயர். இரண்டாண்டுகள் கழித்து, 1780இல், அங்கிருந்த சிறு சபையாரின் பெயர்கள் ஒரு பட்டியலாக எழுதப்பட்டன. அப்பட்டியலில் இருந்தவர்கள் 40 பேர். பல சாதிகளைச் சேர்ந்தவர்கள். பிற்காலத்தில் தஞ்சையில் புகழ் பெற்று விளங்கிய வேதநாயக சாஸ்திரியார் 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்தவரே. கிளாரிந்தா அம்மையார் பெருமுயற்சி எடுத்துக் கட்டிய ஆலயத்தைச் சுவார்ட்ஸ் ஐயர் 1785இல் திறந்து வைத்தார். அம்மையார் வெட்டுவித்த கிணற்றையும் அவர் எழுப்பிய ஆலயத்தையும் பாப்பாத்தியம்மாள் கிணறு, பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே மக்கள் வழங்கினர். ஐரோப்பியர் பெயரெல்லாம் கல்லில் நிற்க, இந்த அம்மையார் பெயர் மக்கள் நாவில் நின்றது.

ஆயினும் அச்சபை கோட்டையைச் சார்ந்த சபை. படைவீரர், அலுவலர், அவர்களை அண்டியிருந்தோர் ஆகியவர்களே அதில் மிகுதி. கோட்டைக்கு வெளியே, செம்மணல் தேரிக்காட்டில், பனையை நம்பி வாழ்ந்த ஊர்களுக்கு அச்செய்தியைக் கொண்டு சென்றவர் அந்த மண்ணிலேயே பிறந்த ஓர் இளைஞர். சாத்தான்குளத்தை அடுத்த காலங்குடியில் பிறந்த சின்னமுத்து சுந்தரானந்தம் வீட்டை விட்டு வெளியேறி, தஞ்சை வரை சென்று, அங்கே கிறிஸ்தவராகி, தாவீது என்ற பெயரையும் பெற்றார். 1790இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் பாளையங்கோட்டையில் பணியாற்றிக் கொண்டிருந்தார். அவருக்குத் துணையான உபதேசியாராகத் தாவீது தம் சொந்த நாட்டுக்குத் திரும்பினார்.

திரும்பியவர் முதலில் சென்றது உற்றார் உறவினரிடம். இது இயல்பே. 1797ஆம் ஆண்டு முதல் விஜயராமபுரம், சண்முகபுரம் முதலிய சிற்றூர்களில் குடும்பம் குடும்பமாகச் சிலர் ஞானஸ்நானம் பெற்றனர். தனி மனிதர் ஒருவர் மனம் மாறினார் என்று நாம் இக்காலத்தில் பேசுகிறோம். அக்காலத்துச் சிற்றூரில் தனி மனிதர் என்று ஒருவர் இல்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சாவுக்குத் தோள் கொடுப்பதும், அம்மன் கொடைக்கு வரி பிரிப்பதும் எல்லாம் உறவின் வழியே நடந்தன. கொடைக்கு வரி கொடுக்க மாட்டேன் என்று ஒரு குடும்பம் சொன்னால், அது சமயக் கருத்து வேறுபாட்டோடு முடிவதில்லை. ஊர்ப் பொதுவிலிருந்தே அக்குடும்பம் விலகியதாக எண்ணப்பட்டது. ஊரார் சினந்ததை இவ்வகையில் நோக்கினால், அது வெறும் கொடுமையினால் எழுந்த சினம் அன்று என்பதும் நமக்கு விளங்கும்.

சினத்தோடு அதிகாரமும் சேர்ந்தபொழுது துன்பம் பெருகியது. பனையேறுபவன் ஏறும் மரம் பெரும்பாலும் பிறனுடையது. குடியிருக்கும் மனையும் பிறனுடையது. மரத்தின் உரிமையாளன் "நாளை முதல் ஏறாதே" என்று ஒரு சொல் சொன்னால் அன்றே அடுப்பு அணைந்துவிடும். கிணற்றடிக்கு வராதே என்றால் வீட்டில் தண்ணீர் இருக்காது. வழிபாட்டுக்காக எழுப்பிய சிறு கூரைக் கூடமும் பிய்த்தெறியப்பட்டதாகச் சபை வரலாறு கூறுகிறது. தாவீது இதற்குக் கண்ட வழி எளியது: தம்முடையவர்களுக்கென்று சொந்த நிலம் வேண்டும். பாளையங்கோட்டையில் இருந்த எவரெட் என்ற படை அலுவலர் பொருளுதவி செய்தார். அப்பணத்தைக் கொண்டு வெற்று நிலம் ஒன்று வாங்கப்பட்டது. 28 பேர் அங்கே சென்று குடியேறினர். இவ்வாறு தோன்றியதே முதலூர்.

ஆண்டை மீண்டும் நினைவுபடுத்துகிறேன்: 1799. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கும்பினிப் படை தாக்கியதும், அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் அவ்வாண்டிலேதான். இரண்டாண்டுகளில் மீண்டும் போர் மூண்டது. 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சியுரிமையும் கும்பினியின் கைக்குச் சென்றது. நாடெங்கும் யாருக்கு வரி கட்டுவது, யார் சொல்லைக் கேட்பது என்று தெரியாத காலம். அந்தக் காலத்தில் 28 பேர் தங்கள் பானை சட்டிகளைத் தூக்கிக்கொண்டு, நிழலும் நீரும் இல்லாத மணற்காட்டில் புதிதாக ஓர் ஊர் அமைக்கச் சென்றனர். வெளிநாட்டு அலுவலர் ஒருவரின் பணம் உதவியது உண்மை. ஆனால் பணம் நிலத்தை வாங்கியதே அன்றி, ஊரை உண்டாக்கவில்லை.

ஊரை உண்டாக்க என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் கிணறு வேண்டும். தேரி மணலில் கிணறு வெட்டினால் பக்கம் சரியும். சரிந்ததை அள்ளிவிட்டு மீண்டும் வெட்ட வேண்டும். அடுத்துக் குடிசை வேண்டும். விட்டமும் தூணும் கைமரமும் கூரையும் பனைதான். வேலிக்குப் பனை மட்டை. கட்டுவதற்குப் பனை நார். அடுத்துப் பிழைப்பு வேண்டும். பங்குனி முதல் ஆவணி வரை பதநீர்க் காலம். ஆண்மகன் அரிவாட்பெட்டியை இடுப்பில் கட்டி, விடியுமுன்னே மரமேறிப் பாளை சீவிக் கலயம் கட்டி இறங்குவான். மாலையில் மீண்டும் ஏறுவான். இறக்கிய பதநீரை விடிலியில் காய்ச்சிக் கருப்பட்டியாக வட்டு ஊற்றுவது பெண்களின் உழைப்பு. ஏறுபவன் ஒருநாள் தவறினால் பாளை காய்ந்துவிடும். காய்ச்சுபவள் ஒரு நாழிகை தவறினால் பதநீர் புளித்துவிடும். இத்தகைய வாழ்விலும் ஏழு நாளில் ஒரு நாளை வழிபாட்டுக்கு ஒதுக்குவதென்றால் அது எவ்வளவு பெரிய ஒதுக்கீடு என்பதை நகரத்தார் எளிதில் உணர இயலாது. முதலூரின் முதல் ஆலயமும், அக்காலத்துத் தேரிக்காட்டு ஆலயங்கள் எல்லாவற்றையும் போல, ஓலையும் மண்ணுமாகவே இருந்திருக்க வேண்டும். பின்னால் எழுந்த கற்கட்டடத்துக்கு அதுவே அடிப்படை.

சிறிது காலம் ஊர் செழித்தது. சென்னையிலிருந்து வந்த கெரிக்கே ஐயர் 1802இல் திருநெல்வேலிச் சீமையில் சுற்றுப்பயணம் செய்தபொழுது, அந்த ஒரே பயணத்தில் 1,300 பேருக்கு மேல் ஞானஸ்நானம் பெற்றனர். அவர் சென்ற பிறகு சத்தியநாதன் கையால் பெற்றவர்கள் அதனினும் மிகுதி. எனினும், வரலாற்றை உண்மையாகச் சொல்ல வேண்டுமானால் அடுத்த பகுதியையும் சொல்ல வேண்டும். இவ்வாறு திரளாக வந்தவர்களுள் பலர், எதிர்ப்பு வலுத்தபொழுது பழைய வழிக்கே திரும்பினர். கெரிக்கே ஐயர் 1803இல் காலமானார். ஊரை அமைத்த தாவீதும் சில ஆண்டுகளுக்குள்ளேயே மறைந்தார். பகைவர் நஞ்சிட்டனர் என்பது வழிவழிச் செய்தி. 1811ஆம் ஆண்டை ஒட்டித் தென் மாவட்டங்களில் கொடிய காய்ச்சல் பரவிப் பல்லாயிரவரைக் கொண்டு சென்றது. ஐரோப்பாவில் நெப்போலியனுடைய போர்கள் நடந்த காலம் அது. அங்கிருந்து ஆளும் வரவில்லை. பொருளும் போதிய அளவு வரவில்லை.

என் கருத்தில், முதலூரின் வரலாற்றில் மிகச் சிறந்த பகுதி இந்த இருண்ட பத்தாண்டுகளே. பாளையங்கோட்டைப் படைப்பிரிவின் போதகராக 1816இல் வந்த ஹஃப் ஐயர் கிராமங்களைச் சென்று பார்த்தார். உடனிருந்து நடத்தும் ஐரோப்பியப் போதகர் இல்லாமலே சபைகள் உயிரோடு இருந்தன. முதலூரும் நாசரேத்தும் அவற்றுள் தலையானவை. யார் அவற்றைக் காத்தார்கள்? உள்ளூர்க் குருமார் ஒரு சிலரும், குறைந்த ஊதியம் பெற்ற உபதேசியார்களும், அந்தக் குடும்பங்களுமே காத்தனர். குழந்தைக்கு மனப்பாடம் சொல்லிக் கொடுத்த தாயும், இறந்தவரை அடக்கம் செய்ய முன்வந்த அண்டை வீட்டாரும், ஓய்வுநாளில் மரமேறாமல் இருந்த பனையேறியும் காத்தனர். அவர்களுடைய அறிக்கை எந்தச் சங்கத்தின் ஆண்டு மலரிலும் அச்சேறவில்லை.

முதலூர் காட்டிய வழி பிறகு ஒரு மரபாகவே ஆயிற்று. சாயர் என்ற வணிகர் துன்புற்ற கிறிஸ்தவர்களுக்காக வாங்கிய நிலம் சாயர்புரம் ஆனது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் இம்முறையை விரிவாக்கினார். பிரஷிய நாட்டுப் பிரபு டோனா என்பவர் அளித்த பொருளால் எழுந்த ஊர் டோனாவூர். 1830இல் தர்ம சங்கம் என்ற அமைப்பு ஏற்பட்டது. குடியிருப்புக்கு நிலம் வாங்கிக் கொடுத்து, வெளியேற்றப்பட்ட குடும்பங்களைக் காப்பதே அதன் நோக்கம். மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம் என்று தேரியின் நெடுகிலும் புதுப் பெயர்கள் முளைத்தன. நேரான தெரு, நடுவில் ஆலயம், ஆலயத்தை ஒட்டிப் பள்ளி, பள்ளியருகே கிணறு என்பது இந்த ஊர்களின் பொது அமைப்பு. இந்தப் பள்ளிகளின் வழியே பனையேறியின் மகன் ஆசிரியன் ஆனான், மகளும் எழுத்தறிந்தாள்.

இதனை வாழ்த்துரையாகவே சொல்லி முடிப்பது வரலாறு ஆகாது. தனி ஊர் அமைந்ததால் பாதுகாப்புக் கிடைத்தது. அதே வேளையில் பிரிவும் நிலைபெற்றது. அண்ணன் ஓர் ஊரில், தம்பி ஓர் ஊரில், ஒருவர் வீட்டு நன்மை தீமைக்கு மற்றவர் வராத நிலை பல குடும்பங்களில் ஏற்பட்டது. மற்றொன்றையும் மறைப்பதற்கில்லை. பாளையங்கோட்டைப் பட்டியலில் பல சாதியினர் ஒரே ஏட்டில் எழுதப்பட்டிருக்க, கிராமச் சபைகளோ பெரும்பாலும் ஒரே உறவுமுறையினரால் ஆகியவை. சாதியைக் கடப்போம் என்று போதித்த சமயம், சாதி வழியேதான் கிராமத்துக்குள் பரவியது. இம்முரண்பாடு இன்றும் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆண்டுவிழா மேடையில் இதைப் பேசுவது விருந்தின் சுவையைக் கெடுக்கும் என்று சிலர் நினைக்கலாம். 225 ஆண்டுகளைத் தாங்கி நின்ற சபைக்கு உண்மையைத் தாங்கும் வலிமையும் உண்டு என்பது என் எண்ணம்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருகிறேன். அந்த 28 பேரின் பெயர்கள் என்ன? உதவி செய்த அலுவலரின் பெயரை அறிவோம். வந்துபோன ஐயர்களின் பெயர்களை அறிவோம். தாவீதின் பெயரையும் அறிவோம். குடியேறியவர்களோ பொது வரலாற்றில் வெறும் எண்ணாகவே நிற்கின்றனர். அவர்களுள் பெண்கள் எத்தனை பேர், கைக்குழந்தை யாருடையது, முதற் கிணற்றில் முதற் குடம் நீர் இறைத்தவர் யார் என்பவை நமக்குச் சொல்லப்படவில்லை.

இந்நாட்டில் மன்னர் பெயரும் கொடையாளர் பெயரும் கல்லில் வெட்டப்பட்டன. உழுதவன் பெயரும் மரமேறியவன் பெயரும் எழுதப்படுவது அரிது. அவர்தம் மனைவியர் பெயர் எழுதப்படுவது அதனினும் அரிது. நாடு முழுவதையும் தழுவிய மக்கட் கணக்கெடுப்பு 1871ஆம் ஆண்டை ஒட்டியே முதன்முதல் நடந்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, கிராமச் சபைகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்ற மூன்றையும் ஏட்டில் எழுதும் வழக்கம் வந்துவிட்டது. குழந்தையின் பெயர், தாய் தந்தையர் பெயர், தொழில், ஊர் ஆகியவற்றை உபதேசியார் தம் கையெழுத்தில் எழுதினார். சமயச் சடங்குக்காக எழுதப்பட்ட அந்த ஏடு, எளிய மக்களின் பெயரைப் பிறப்பிலிருந்து இறப்பு வரை தாங்கிய ஆவணமாக ஆயிற்று. கிறிஸ்தவர் அல்லாதவருக்கும் அது பொருள் உடையது. இன்று வெவ்வேறு சமயங்களில் நிற்கும் கிளைகள் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதை அது காட்டக்கூடும்.

ஆனால் ஏட்டின் பகைவர் பலர். கரையான் ஒன்று, கடற்காற்றின் ஈரம் ஒன்று, "பழைய தாள்தானே" என்னும் நம் அலட்சியம் மூன்றாவது. பெயர் மாற்றமும் ஒரு தடையே. சின்னமுத்து தாவீது ஆனார்; மற்றவர்களும் அவ்வாறே வேதமாணிக்கம், மாசிலாமணி, ஞானப்பிரகாசம் என்ற புதுப் பெயர்களைத் தாங்கினர். பழைய பெயரை நினைவு வைத்திருந்த பாட்டி மறைந்ததும், அதற்கு மேல் செல்லும் வழி அடைபட்டுப் போகிறது. கால்டுவெல் ஐயர் 1881ஆம் ஆண்டில் திருநெல்வேலி மிஷனின் தொடக்க வரலாற்றைத் தொகுத்து வெளியிட்டார். அவர் பழைய கடிதங்களையும் பட்டியல்களையும் தேடிப் படித்திராவிட்டால் 1780ஆம் ஆண்டின் 40 பேரும் கூட இன்று நமக்குத் தெரிய வந்திருப்பார்களோ என்பது ஐயமே. 1880 ஜனவரி 20ஆம் நாள் பாளையங்கோட்டையில் நடந்த நூற்றாண்டு விழாவுக்கு அடிப்படையாக அமைந்ததும் அந்தப் பெயர்ப் பட்டியலே. அப்பட்டியல் எழுதப்பட்டு நூறாண்டு நிறைந்ததையே சபை விழாவாகக் கொண்டாடியது.

அந்த வழி இன்றைக்கும் நல்ல வழி. தேரிக்காட்டின் ஊர்களில் ஆண்டுதோறும் பிரதிஷ்டைப் பண்டிகை வருகிறது. சென்னையிலும் மும்பையிலும் கடல் கடந்தும் வாழ்கின்ற பிள்ளைகள் ஊர் திரும்புகின்றனர். பந்தி பந்தியாக அசனம் நடைபெறுகிறது. முதலூர் என்றதும் தேங்காய்ப் பாலில் கிண்டிய மஸ்கோத் அல்வாவை நினைப்பவர்களே இன்று பலர். வாங்கிச் செல்ல மறப்பதில்லை. இவை யாவும் நல்லவையே. இவற்றோடு ஒரு நாழிகைப் பொழுதை ஒதுக்கி, பழைய ஏட்டிலிருந்து முதற் பக்கங்களின் பெயர்களை உரத்த குரலில் ஒருமுறை படித்தால் என்ன? படிப்பதற்கு முன் அந்த ஏட்டைப் படம் எடுத்தும் படி எடுத்தும் காப்பாற்றியாக வேண்டும். எழுபது எண்பது வயது நிறைந்த பெரியவர்களிடம் சென்று அவர்களுடைய பாட்டன் பாட்டியர் பெயரைக் கேட்டு எழுத வேண்டும். திரும்பிப் போன குடும்பங்களின் பெயரையும் அதில் சேர்க்க வேண்டும். அவர்களும் அந்தக் கிணற்றில் மண் அள்ளியிருக்கக்கூடும்.

1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. வெளிநாட்டார் பொருளை எதிர்பாராது, தமிழர் தம் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டுக்குத் தொண்டர்களை அனுப்பினர். ஒரு படை அலுவலரின் உதவியால் 28 பேர் நிலம் பெற்றுக் குடியேறி அப்பொழுது 104 ஆண்டுகளே ஆகியிருந்தன. உதவி பெற்றவர்களின் நாட்டவர் உதவி செய்பவர்களாக உயர்ந்தனர். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. 2003இல் தூத்துக்குடி-நாசரேத் திருமண்டிலம் தனியாகப் பிரிந்தது. சங்கங்களின் பெயர் மாறின. ஆட்சி எல்லைகள் மாறின. மாவட்டத்தின் பெயரும் மாறியது. குடும்பங்கள் மட்டும் தொடர்ந்து வருகின்றன. ஆண்டுவிழாக் கல்வெட்டில் இன்னும் சிறிது இடம் இருக்குமானால், அதில் எழுதப்பட வேண்டியவை அந்தக் குடும்பங்களின் பெயர்களே.